விளக்கொளியில் காய்ச்சல் தீருமா?

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற சுகாதார விழிப்புணர்வு நாளில், அரசு மருத்துவமனைத் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லாத ஒன்று. 34 ஆண்டுகள் மருத்துவமனை வார்டுகளில் நடந்தே பழகியவள் நான். அங்கே பேசுவதற்கு நேரம் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் "மருந்து சாப்பிட்டீர்களா, சிறுநீர் போனதா" என்பதற்கு மேல் பேச்சு வளர்வதில்லை. ஆகவே சொற்பொழிவு போல் அமையாவிட்டால் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மன் சந்நிதிக்கு வெளியே ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மிஸ்ஸி, பேரப்பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். ஏதோ வைரஸ்னு டாக்டர் சொல்றாரு. சிவப்பு லைட் வாங்கி உடம்புல படுற மாதிரி வெச்சா வைரஸ் செத்துடுமாமே, உண்மையா?" என்று கேட்டார்கள். அர்ச்சனைத் தட்டோடு நின்றுகொண்டிருந்த நான், "பிள்ளையை முதலில் கிளினிக்குக்குக் கொண்டு போங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அது சரியான பதில்தான். ஆனால் முழுப் பதில் அன்று. அந்த அம்மாவுக்குத் தர வேண்டிய முழுப் பதிலையே இன்று இங்கே சொல்ல வந்திருக்கின்றேன்.

ஒளி என்றால் நமக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. பொங்கலன்று கதிரவனுக்குப் படைக்கின்றோம். கார்த்திகையில் வரிசையாக விளக்கேற்றுகின்றோம். வள்ளலார் பெருமான் வடலூரில் சோதி வழிபாட்டையே நமக்குக் காட்டிச் சென்றார். ஆதலால், ஒளி நோயைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம் மனம் உடனே இசைந்துவிடுகின்றது. அதில் தவறில்லை. ஆனால் சந்நிதியில் எரியும் விளக்கு வேறு, பெட்டியில் அடைத்து மருந்தென்று விலைக்கு விற்கப்படும் விளக்கு வேறு. இரண்டாவது விளக்கைப் பற்றித்தான் நான் பேசப் போகின்றேன்.

இந்த விளக்கு வைத்தியம் நேற்று முளைத்ததன்று. இதற்கு 130 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் நாயகர் நீல்ஸ் ஃபின்சன் என்ற டென்மார்க் நாட்டு மருத்துவர். 1860-ஆம் ஆண்டு ஃபாரோ தீவுகளில் பிறந்தவர். வட அட்லாண்டிக் கடலில், பனியும் மூட்டமும் நிறைந்த தீவுகள் அவை. வெயிலுக்கு ஏங்கும் ஊரில் பிறந்தவர் வெயிலை ஆராய்ந்தார் என்றால் வியப்பில்லை. நம்மைப் போல் காலை பத்து மணிக்கே குடை தேடுகின்ற ஊரில் பிறந்திருந்தால் என்ன ஆராய்ந்திருப்பாரோ தெரியவில்லை!

இளம் வயதிலேயே அவரை ஒரு கொடிய நோய் பற்றிக்கொண்டது. இதயத்தைச் சுற்றியுள்ள உறை இறுகி, கல்லீரல் கெட்டு, வயிற்றில் நீர் கோத்து, கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார். கூரை மேல் படுத்திருந்த ஒரு பூனை, நிழல் தன் மீது படரும்போதெல்லாம் எழுந்து வெயிலுக்கு நகர்ந்து படுத்ததை அவர் கவனித்தார் என்று சொல்வார்கள். வெயிலில் உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கின்றது என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது.

1893-ஆம் ஆண்டு அவர் பெரியம்மை நோயைப் பற்றி ஒரு கருத்தை வெளியிட்டார். ஒளியைக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஒளியில் ஒரு பகுதியை நீக்க வேண்டும் என்றார்! வெயிலில் உள்ள நீலம், ஊதா, அதற்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் ஆகியவையே அம்மைக் கொப்புளங்களைச் சீழ் பிடிக்க வைத்துத் தழும்பை உண்டாக்குகின்றன. ஆகவே சன்னல்களுக்குச் சிவப்புக் கண்ணாடியோ தடித்த சிவப்புத் துணியோ இட்டு, சிவப்பு ஒளி மட்டும் உள்ளே வரும் அறையில் நோயாளியைப் படுக்க வைக்க வேண்டும் என்றார். பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் படம் கழுவும் இருட்டறை இருக்குமே, சிவப்பு பல்பு மட்டும் எரியுமே, அதே போன்ற அறை. அதே ஆண்டில் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் அம்மை பரவியபோது மருத்துவர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். நல்ல பலன் கிடைத்தது என்று எழுதினார்கள். பிறகு பல நாடுகளில் சிவப்பு அறைகள் தோன்றின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயையே ஒழித்துவிடுவேன் என்று ஃபின்சன் சொல்லவில்லை. நோயாளியின் முகம் கெடாமல் காப்பாற்றலாம் என்றுதான் சொன்னார். அதாவது, அவர் சொன்னது ஒரு துணைச் சிகிச்சை. வைரஸ் என்றால் என்னவென்றே அன்று எவருக்கும் தெரியாது.

நம் வீடுகளிலும் அம்மைக்கு ஒரு துணைச் சிகிச்சை இருந்தது. என் பாட்டியின் முகத்தில் பெரியம்மைத் தழும்பு உண்டு. தோட்டத்து லயன் வீட்டில், வாசலில் வேப்பிலை கட்டி, வெளியார் எவரையும் உள்ளே விடாமல், தம்மைத் தனியே படுக்க வைத்து, இளநீரும் கஞ்சியும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கின்றேன். தாதியாகப் பயிற்சி பெற்ற பிறகு அதை நினைத்துப் பார்த்தேன். தனிமைப்படுத்துதல், ஓய்வு, நீராகாரம் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. மாரியம்மன் பெயரைச் சொல்லி நம் தாய்மார்கள் செய்த அந்தப் பணிவிடையை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

சரி, சிவப்பு அறை உண்மையிலேயே பலன் தந்ததா? பெரியம்மை எல்லாரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. சிறு வயதில் அம்மை குத்திக்கொண்டவர்களுக்கு லேசாக வந்து போகும். குத்தாதவர்களில் பலரைக் கொன்றுவிடும். லேசாக வந்தவரைச் சிவப்பு அறையில் வைத்தால் அறைக்கே பெயர் கிடைக்கும். அப்படியானால் எப்படித்தான் உண்மையைக் கண்டறிவது?

இதற்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஃபின்சன் வாழ்ந்த அதே கோப்பன்ஹேகன் நகரில், ஏறக்குறைய அதே ஆண்டுகளில், யோஹான்னஸ் ஃபிபிகர் என்ற இன்னொரு மருத்துவர் வழி காட்டினார். அது வைரஸ் நோயன்று, தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா. குழந்தைகளின் தொண்டையை அடைத்துக் கொல்லும் நோய். அதற்குப் புதிதாக ஓர் ஊசி மருந்து வந்திருந்தது. பலன் உண்டா இல்லையா என்று மருத்துவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஃபிபிகர் வாதாடவில்லை. 1896 மே மாதம் முதல் ஓராண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கணக்கு வைத்தார். இன்று சேர்க்கப்பட்ட நோயாளிகளுக்கு ஊசி உண்டு. நாளை சேர்க்கப்படுபவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இவருக்குக் கொடுக்கலாம், அவருக்கு வேண்டாம் என்று மருத்துவர் தம் விருப்பப்படி பொறுக்க முடியாது. ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தார்கள். ஊசி போட்ட 239 பேரில் 8 பேர் இறந்திருந்தனர். ஊசி போடாத 245 பேரில் 30 பேர் இறந்திருந்தனர். வாதம் முடிந்தது.

இந்த எண்களை நான் பயிற்சிக் காலத்தில் படிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நூலில் படித்தேன். அந்த 30 பேரின் தாய்மார்களை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அந்தக் கணக்கு எழுதப்படாமல் போயிருந்தால், அதற்குப் பின் எத்தனை ஊர்களில் எத்தனை பிள்ளைகள் ஊசியில்லாமல் போயிருப்பார்கள்?

சிவப்பு அறைக்கு இப்படிப்பட்ட கணக்கை எவரும் தொடக்கத்தில் போடவில்லை. 1904-ஆம் ஆண்டில் லண்டனில் பெரியம்மை நோயாளிகளைப் பராமரித்து வந்த ரிக்கெட்ஸ், பைல்ஸ் என்ற இரு மருத்துவர்கள் சிவப்பு ஒளியைச் சோதித்துவிட்டுத் தாங்கள் கண்டதை எழுதினார்கள். கொப்புளம் சீழ் பிடிப்பதையும் தழும்பு விழுவதையும் அது தடுக்கவில்லை. மெல்ல மெல்லச் சிவப்பு அறைகள் மூடப்பட்டன. பெரியம்மையை உலகத்தை விட்டே விரட்டியது தடுப்பூசிதான். இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்தது என்று அறிவித்தது.

ஃபின்சன் தோற்றுப்போனார் என்று எண்ணிவிட வேண்டாம். இன்னொரு நோயில் அவர் பெரு வெற்றி கண்டார். முகத்தோலை அரித்து, மூக்கையும் உதட்டையும் தின்றுவிடும் ஒரு வகைக் காசநோய் அன்று ஐரோப்பாவில் மிகுதியாக இருந்தது. 1895 முதல், கார்பன் விளக்கின் ஒளியைப் படிகக் கண்ணாடிகள் வழியே குவித்து அந்தப் புண்களின் மீது பாய்ச்சினார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாதி அருகில் அமர்ந்து, குளிர்நீர் ஓடும் ஒரு படிக வில்லையை அவர் முகத்தில் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் வரை அசையாமல் பிடிக்க வேண்டும். இப்படி மாதக் கணக்கில் செய்ய வேண்டும். பாடப்புத்தகத்தில் ஃபின்சன் படம் இருக்கும், அந்தத் தாதியரின் படம் இருக்காது. அதை ஒரு தாதி சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

பெரும்பாலோர் குணமடைந்தனர். மக்களுக்கு முன் முகம் காட்டக் கூசியவர்கள் மீண்டும் வேலைக்குப் போனார்கள். 1903-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தின் பெரும் பகுதியை நோயாளிகளின் நலனுக்கே கொடுத்துவிட்டு, மறு ஆண்டே, 43 வயதில் மறைந்தார். அவருடைய ஒளி மருத்துவ நிலையம் 1896-இல் உருவானதற்கும் செல்வர்கள் கொடுத்த நன்கொடையே காரணம். இங்கிலாந்தின் அரச குடும்பத்திற்கு மணம் முடித்து வந்த டென்மார்க் இளவரசி அலெக்ஸாண்ட்ரா, தம் தாய்நாட்டு மருத்துவரின் விளக்கை 1900-ஆம் ஆண்டு லண்டன் மருத்துவமனை ஒன்றிற்கு வழங்கினார். ஆகவே, விளக்குத் தானம் மருத்துவமனையிலும் உண்டு என்பதை நம் நன்கொடையாளர்கள் அறிந்து மகிழலாம்.

அந்த விளக்கு ஏன் அங்கே வேலை செய்தது? நோய்க்கிருமி தோலிலேயே இருந்தது. ஒளியும் தோல் வரைதான் போகும். அந்தக் காசநோய்க் கிருமி தனக்குள்ளே ஒரு வகை நிறப்பொருளை உண்டாக்குகின்றது. ஒளி பட்டதும் அது கிருமியையே அழிக்கும் நஞ்சாக மாறியிருக்க வேண்டும் என்று 2005-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நோயும் ஒளியும் ஒரே இடத்தில் சந்தித்தன. அதுதான் காரணம்.

ஒளி வெற்றி பெற்ற இன்னோர் இடம் எனக்கு மிகவும் பழக்கமானது. நான் பல ஆண்டுகள் பிறந்த குழந்தைகள் வார்டில் இருந்தேன். மஞ்சள் பூத்த சிசுக்களை, கண்ணைத் துணியால் மறைத்து, நீல விளக்கின் கீழ் படுக்க வைப்போம். இதைக் கண்டறிய உதவியவரும் ஒரு தாதிதான். 1956-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் எசெக்ஸ் வட்டாரத்து ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற மூத்த தாதி, குறைமாதக் குழந்தைகளை வெயில் வரும் நேரத்தில் முற்றத்திற்குக் கொண்டு போவாராம். ஒரு குழந்தையின் உடலில் வெயில் பட்ட இடம் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். சன்னலோரம் வெயிலில் இருந்துவிட்ட ஓர் இரத்தக் குழாயில் மஞ்சள் பொருளின் அளவு குறைந்திருந்ததையும் அங்குள்ளோர் கண்டார்கள். கிரீமர் என்ற மருத்துவரும் அவர் தோழர்களும் ஆராய்ந்து 1958-இல் உலகுக்கு அறிவித்தார்கள். நீல ஒளி தோலில் உள்ள பிலிருபின் என்னும் மஞ்சள் பொருளை, கல்லீரல் மாற்றியமைக்கத் தேவையின்றியே உடல் வெளியேற்றக்கூடிய வடிவத்திற்கு மாற்றிவிடுகின்றது. அந்த மஞ்சள் பொருள் மூளைக்குள் ஏறாமல் எத்தனையோ குழந்தைகள் காப்பாற்றப்பட்டிருக்கின்றார்கள்.

ஆனால் இங்கேதான் நம் மக்களிடையே ஒரு பெரிய குழப்பம் வருகின்றது. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், மஞ்சள் காமாலை. சிசுவுக்கு வருவதும் காமாலை, வளர்ந்தவர்களுக்குக் கல்லீரலில் வைரஸ் புகுந்து வருவதும் காமாலை. "குழந்தைக்கு லைட் வெச்சா சரியாகுது, எனக்கும் வெயில் காய்ந்தால் சரியாகும்" என்று முற்றத்தில் உட்காரும் பெரியவர்களை நான் பார்த்திருக்கின்றேன். வளர்ந்தவரின் கண் மஞ்சளாவது நோயன்று. உள்ளே கல்லீரல் வீங்கிப் புண்பட்டிருக்கின்றது என்பதற்கு அது ஓர் அடையாளம் மட்டுமே. அடையாளத்தை வெயிலில் வெளுக்க வைத்தாலும் கல்லீரலில் உள்ள வைரஸ் அங்கேயே இருக்கும். கல்லீரலைத் தாக்கும் பி வகை வைரஸுக்குப் பிறந்தவுடன் போடும் தடுப்பூசி இருக்கின்றது. மலேசியாவில் 1989 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் அது போடப்பட்டு வருகின்றது.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது ஓர் இடைச்செருகல். ஜி6பிடி குறைபாடு உள்ள சிசுக்களுக்கு மஞ்சள் கடுமையாக ஏறும். அலமாரியில் போடும் ரசகற்பூர உருண்டையின் வாடை பட்ட துணியே அவர்களுக்கு ஆபத்து. பேரப்பிள்ளைக்கென்று எடுத்து வைத்த பழைய துணிகளை, பாட்டிமார்களே, உருண்டை போட்டு வைக்காதீர்கள். மஞ்சள் பூத்த குழந்தையை வெயிலில் காட்டிவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டாம். வெயில் எவ்வளவு பட்டது, மஞ்சள் எவ்வளவு இறங்கியது என்பதை வீட்டில் அளக்க முடியாது. குழந்தைக்குச் சூடும் ஏறிவிடும்.

இப்போது வைரஸ் காய்ச்சலுக்கு வருவோம். வைரஸ் என்பது தானாக வாழத் தெரியாத ஒன்று. அது நம் உடலின் அணுக்களுக்குள் புகுந்துகொண்டு அங்கேயே பெருகுகின்றது. சிவப்பு விளக்கின் ஒளி தோலுக்குக் கீழே சிறிதளவே இறங்கும். நுரையீரலுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் எலும்புச் சோற்றுக்குள்ளும் இருக்கும் வைரஸை அது எட்டிப் பார்க்கப் போவதில்லை. புற ஊதாக் கதிர் வைரஸை அழிக்கும் என்பது உண்மை. மருத்துவமனைகளில் காற்றையும் கருவிகளையும் தூய்மைப்படுத்த அத்தகைய விளக்குகள் இருக்கின்றன. நாங்கள் அந்த அறைக்குள் விளக்கு எரியும்போது நுழைய மாட்டோம். ஏனென்றால், வைரஸைக் கொல்லும் அதே கதிர் நம் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். 2020-இல் கோவிட்-19 பரவியபோது அமெரிக்க அதிபரே, ஒளியை உடலுக்குள் செலுத்த முடியுமா என்று செய்தியாளர்கள் முன்னிலையில் வியந்தார். அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், கைகளையோ தோலையோ தூய்மைப்படுத்தப் புற ஊதா விளக்கைப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. வைரஸால் தோலில் வரும் சில வகை மருக்களுக்கு, முதலில் மருந்து தடவிப் பிறகு ஒளி பாய்ச்சும் சிகிச்சை உண்டு. அதைத் தோல் மருத்துவர் செய்வார். அங்கேயும் நோய் தோலில் இருக்கின்றது, ஒளி அதை எட்டுகின்றது. காலை வெயில் நல்லது என்பதையும் நான் மறுக்கவில்லை. வெயிலால் தோலில் வைட்டமின் டி உண்டாகின்றது. எலும்புக்கு அது கட்டாயம் தேவை. சளிக் காய்ச்சலைத் தடுப்பதில் அந்த வைட்டமின் சிறிது உதவலாம் என்று 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். 2022-இல் பிரிட்டனில் வெளியான ஒரு பெரிய ஆய்வு அப்படிப் பலன் தெரியவில்லை என்றது. ஆகவே காலை வெயிலில் நடங்கள், கோயிலை வலம் வாருங்கள். அதை மருந்துக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

இனி நான் சொல்லப் போவது என் குடும்பத்துச் செய்தி. சொல்வதற்கு என் அண்ணனிடம் அனுமதி பெற்றுவிட்டேன்.

2019-ஆம் ஆண்டு நம் நாட்டில் டிங்கிக் காய்ச்சல் கடுமையாக இருந்தது. அந்த ஒரே ஆண்டில் 130,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, 182 பேர் இறந்தனர். என் பெரிய அண்ணனுக்கும் கண்டது. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, டிங்கி என்று உறுதி செய்து, "ஒவ்வொரு நாளும் வந்து இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்" என்று அட்டை எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. விற்பனைக் கூட்டம் ஒன்றில் வாங்கியது. விலை ஆயிரம் வெள்ளிக்கும் மேல். வைரஸ் காய்ச்சலுக்குத் துணையாக வைக்கலாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அண்ணி எனக்குத் தொலைபேசியில் அழைத்து, "வைக்கலாமாம்மா?" என்று கேட்டார்கள். நான் வேறொரு வேலையில் இருந்தேன். "வைங்க அண்ணி, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை" என்றேன்.

நான்காம் நாள் காலையில் காய்ச்சல் முற்றிலும் இறங்கிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. விளக்கு வேலை செய்கின்றது என்று பேசிக்கொண்டார்கள். அன்றைய இரத்தப் பரிசோதனைக்கு அண்ணன் போகவில்லை. "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, வெயிலில் ஏன் அலைவானேன்" என்றாராம்.

டிங்கியைப் பற்றி அறிந்தவர்களுக்கு இப்போது புரிந்திருக்கும். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து தொடங்கும் நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது வரும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். இரத்தம் கெட்டியாகும். இரத்தத் தட்டுகள் குறையும். வெளியே பார்த்தால் நோயாளி தேறிவிட்டது போலவே தோன்றும். இரத்தத்தைச் சோதித்தால்தான் உண்மை தெரியும். அன்று மாலை அண்ணனுக்கு வயிறு வலித்தது. வாந்தி நிற்கவில்லை. இரவு 11 மணிக்கு அண்ணி மறுபடியும் அழைத்தபோது, "கையும் காலும் ஜில்லுனு இருக்கு, ஆள் ஒரு மாதிரியா பேசறாரு" என்றார்கள். நான் போட்டிருந்த உடையோடு ஓடினேன். மருத்துவமனையில் சேர்த்தபோது இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மூன்று இரவுகள். அந்த மூன்று இரவும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "கெடுதல் ஒன்றும் இல்லை" என்று நான் சொன்ன அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு அண்ணனைச் சுடவில்லை. விஷம் ஏற்றவில்லை. அந்த அர்த்தத்தில் நான் சொன்னது சரிதான். ஆனால் அந்த விளக்கு ஒரு நாளை எடுத்துக்கொண்டது. டிங்கியில் ஒரு நாள் என்பது என்னவென்று இத்தனை ஆண்டுகள் வார்டில் இருந்த எனக்குத் தெரியும். அண்ணி கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டியது, "விளக்கு வைத்தாலும் வைக்காவிட்டாலும் காலையில் இரத்தம் எடுக்கப் போக வேண்டும், காய்ச்சல் விட்டால் கட்டாயம் போக வேண்டும்" என்பதே. அரை நிமிடப் பேச்சு. சொல்லத் தவறிவிட்டேன்.

அன்பர்களே, டிங்கி வைரஸைக் கொல்லும் மருந்தென்று மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுப்பது எதுவும் இல்லை. அதில் கொடுக்கப்படுவதெல்லாம் துணைச் சிகிச்சைதான். அதனால்தான் எது துணை, எது துணை இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கின்றது. நீராகாரம் துணை. வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புச்சர்க்கரைக் கரைசல், கஞ்சி, பழச்சாறு, சூப்பு என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் கூடாது. இரத்தக் கசிவை அவை கூட்டும். சிறுநீர் எத்தனை முறை போகின்றது என்று எண்ண வேண்டும். தினசரி இரத்தப் பரிசோதனை எல்லாவற்றிலும் பெரிய துணை. கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது பதற்றம், கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டும். மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

விளக்கு வாங்கியவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. வீட்டில் ஒருவர் காய்ச்சலில் கிடக்கும்போது எதையாவது செய்ய வேண்டும் என்று மனம் தவிக்கும். மருத்துவர் "காத்திருந்து பாருங்கள்" என்கின்றார். விற்பவர் "இதைச் செய்யுங்கள்" என்கின்றார். தவிக்கின்ற மனத்துக்கு இரண்டாவது சொல்தான் இனிக்கும். ஆகவே உங்களிடம் எவராவது விளக்கையோ வேறு கருவியையோ கொண்டு வந்தால், கோப்பன்ஹேகன் மருத்துவர் ஃபிபிகர் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள்: "இதை வைத்தவர்கள் எத்தனை பேர், வைக்காதவர்கள் எத்தனை பேர், ஒவ்வொரு பக்கமும் என்ன ஆயிற்று?" குணமான ஒருவரின் புகைப்படத்தைக் காட்டினால் அது பதிலாகாது. பெர்கன் நகரத்து மருத்துவர்களும் குணமானவர்களைத்தான் காட்டினார்கள்.

அன்று என் கையைப் பிடித்துக் கேட்ட அம்மா அரங்கில் இருந்தால் தங்கள் பேரப்பிள்ளை நலம்தானா என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கின்றேன். என் அண்ணன் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கின்றார். பெயரைச் சொல்லாதே என்று கட்டளை. அந்தச் சிவப்பு விளக்கு இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கின்றது. முழங்கால் வலிக்கு இரவில் வைத்துக்கொள்கின்றார், இதமாக இருக்கின்றதாம். ஆயிரம் வெள்ளி கொடுத்ததை வீணாக்க முடியுமா என்று என்னையே கேட்கின்றார்.

கேள்விகள் இருந்தால் உணவுக்குப் பிறகு அன்னதானக் கூடத்தின் வாசலில் நிற்பேன், வந்து கேட்கலாம்.